மடிப்புப் பிரியாத புத்தகம்

ஓசூரில் நான் நூல்நிலையத்தைப் பார்த்துக்கொண்ட காலத்தில் ஒரே ஒரு புத்தகம்தான் ஊருக்குப் பயன்பட்டது. அதை யாரும் படிக்கவில்லை. நூல்நிலையக்காரனான நானும் படிக்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வயதில் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன், சொல்லித் தொலைக்கிறேன்.

நான் சாமல்பட்டிப் பக்கத்துக்காரன். ஐம்பதுகளின் நடுவில், எந்த ஊரை எந்த மாநிலத்தில் சேர்ப்பது என்று எல்லாரும் அடித்துக்கொண்டிருந்த சமயத்தில், தற்காலிக வேலை என்று எழுதிய கடிதம் ஒன்றோடு ஓசூரில் வந்து இறங்கினேன். நூல்நிலையம் என்பது பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஒரே அறை. அதற்கு முன்னால் அங்கே ராகி மூட்டை அடுக்கியிருந்தார்கள். மூட்டை போய்விட்டது, எலி போகவில்லை. பத்திரிகை மத்தியான பஸ்ஸில் வரும். வருகிறவர்கள் பெண்டாட்டியைப் பற்றித் தெலுங்கில் பேசுவார்கள், விலைவாசியைக் கன்னடத்தில் பேசுவார்கள், என்னைத் திட்டுவதற்கு மட்டும் தமிழுக்கு வருவார்கள். மார்கழி மாதம் கூட்டம் அதிகம். அறிவுப் பசி ஒன்றும் இல்லை, வெளியே குளிர் தாங்காது.

அந்தப் புத்தகம் ஒருநாள் மரப்பெட்டியில் வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கும். தலைப்பே நாலு வரி. ஓய்வுபெற்ற வன அதிகாரி ஒருவர், உலகத்தில் உள்ள சமயங்கள் எல்லாம் கடைசியில் எதைத் தேடுகின்றன என்று இருபது வருஷம் ஆராய்ந்து எழுதியது. புலி பார்க்கப் போன இடத்தில் கடவுளைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. நல்ல காகிதம், கெட்டி அட்டை. ஒரே ஒரு சங்கடம், பக்கங்கள் வெட்டவில்லை.

அந்தக் காலத்தில் சில புத்தகங்கள் அப்படித்தான் வரும். பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, தைத்து அனுப்பிவிடுவார்கள். மேல் மடிப்பு ஒட்டியபடியே இருக்கும். வாங்குகிறவன்தான் கத்தி வைத்துப் பிரித்துப் படித்துக்கொள்ள வேண்டும். இதில் முகவுரைப் பதினாறு பக்கம் மட்டும் பிரிந்திருந்தது. நான் முகவுரையைப் படித்தேன், பொருளடக்கத்தைப் படித்தேன், ஆகா அருமை என்று சொல்லி மேஜைமேல் வைத்தேன். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

எல்லா வினைக்கும் என் வாய்தான் காரணம். ஒருநாள் தளியிலிருந்து வந்த விவசாயி ஒருவரும், மாட்டு வியாபாரம் செய்யும் பாய் ஒருவரும் சண்டை போட்டுக்கொண்டே படியேறி வந்தார்கள். மாடு வாங்கும்போதே நொண்டியா, வாங்கின பிறகு நொண்டியா என்பது வழக்கு. விவசாயி கோயிலுக்கு வந்து கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணு என்கிறார். பாய் தர்காவுக்கு வா, அங்கே சொல்கிறேன் என்கிறார். இவர் சத்தியம் அவருக்குச் செல்லாது, அவர் சத்தியம் இவருக்குச் செல்லாது. நான் அப்போதுதான் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தேன், சத்தம் தாங்க முடியவில்லை.

"ஏன்யா அலையறீங்க? இதுல எல்லாச் சாமியும் இருக்குது. ஆளுக்கு ஒரு கை வச்சுச் சொல்லிட்டுப் போங்க" என்று புத்தகத்தைத் தள்ளினேன்.

கிண்டலாகத்தான் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய் செருப்பைக் கழற்றினார். விவசாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். இருவரும் கை வைத்தார்கள். மாடு தானாகவே வழியில் நொண்டியானது என்று தீர்ந்துபோயிற்று. போகும்போது விவசாயி மடியிலிருந்து ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்து, ஒட்டிக்கிடந்த பக்கங்களுக்கு நடுவே பையில் போடுகிற மாதிரி செருகிவிட்டுப் போனார். பாயும் தர்காச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை அடுத்த மடிப்பில் வைத்தார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. எல்லாச் சாமியும் ஒரே இடத்தில் இருக்கிற புத்தகம் என்று பேராகிவிட்டது. வெள்ளிக்கிழமை சத்திய நாள் என்று ஊரே முடிவு செய்துகொண்டது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோழி காணோம், வரப்பு வெட்டினான், பெண் பார்த்துவிட்டு மாட்டேன் என்றான், எல்லாவற்றுக்கும் மாடிக்கு வந்தார்கள். சத்தியம் பண்ணினவர்கள் மடிப்புக்குள் ஏதாவது ஒன்றை வைத்துவிட்டுத்தான் போவார்கள். மஞ்சள் கயிறு, துளசி, குழந்தையின் முதல் முடி, எழுதத் தெரிந்தவர்கள் எழுதிய சீட்டு. புத்தகம் நாளுக்கு நாள் ஊதியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

இதற்கு நடுவில் என் வேலையை நிரந்தரமாக்கும் பேச்சு வந்தது. நூல்நிலையக் கமிட்டிக்குத் தலைவர், கட்டடத்தைக் கொடுத்த பெரிய நிலக்காரர். அறுபது வயது, நல்ல குரல். அவர் புத்தகத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இத்தன பேரு வந்து கை வெக்கறாங்க. உள்ள ஏடாகூடமா ஒண்ணும் எழுதலியே? நீ முழுசும் படிச்சியா?"

"படிச்சிட்டேனுங்க."

"கை வச்சுச் சொல்லு."

வைத்தேன். சொன்னேன். பதினாறு பக்கம் படித்தவன் ஆயிரம் பக்கத்துக்குச் சத்தியம் பண்ணினேன். வேலை நிரந்தரமாயிற்று.

அப்புறம் தலைவருக்கே சத்தியம் பண்ணவேண்டி வந்தது. அவருடைய நிலத்து எல்லைக்கல் ஓர் இரவில் நாலடி நகர்ந்துவிட்டது என்று பக்கத்து நிலக்காரர் குற்றம் சொன்னார். கல்லுக்குக் கால் முளைத்திருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியாது என்றார் தலைவர். சத்தியம் என்று முடிவாயிற்று.

தலைவருக்குப் பெங்களூரில் கட்டின பல் இருந்தது. முன்பல் நாலும் ஒரே தகட்டில், இரண்டு பக்கமும் தங்கக் கம்பி. அதைக் காட்டுவதற்காகவே சிரிப்பார். ஆனால் அவர் சுத்த சைவம். கட்டின பல்லை எலும்பில்தான் செய்கிறார்கள் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். எலும்பை வாயில் வைத்துக்கொண்டு சாமி காரியம் செய்யலாமா? அதனால் கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவார், கூடவே பல்லையும் கழற்றுவார். புத்தகத்தின் முன்னாலும் அப்படியே செய்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் பல்லைக் கழற்றி, காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டார். சத்தியம் பண்ணினார். பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து மடிப்பில் செருகினார். கம்பீரமாக இறங்கிப் போனார்.

வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே விபூதி இருந்தது.

இப்போது யாரிடம் சொன்னாலும் சட்டென்று விளங்கிவிடும். அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லையே! புத்தகத்துக்குள் போட்டதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது என்ற நினைப்பே ஊரில் இல்லை. உண்டியலில் போட்டதை யார் எடுத்துப் பார்ப்பார்கள்? பக்கத்து நிலக்காரர் சந்தோஷத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பொய்ச் சத்தியம் பண்ணினான், பல் விபூதியாகிவிட்டது என்றார். சந்தை முழுக்க இதே பேச்சு. தலைவரால் பதில் சொல்லவும் முடியவில்லை. பல் இல்லாமல் பேசினால் பாதி காற்றாகப் போகிறது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நடந்தார்.

அவருக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான். திருடன் கிடைத்தால் பல் திருட்டுப் போயிற்று, கிடைக்காவிட்டால் சாமி எடுத்துக்கொண்டது. நடுவில் வேறு வழி கிடையாது. அன்றைக்கு அறையில் பெருக்கிக்கொண்டிருந்தவள் ஒருத்தி இருந்தாள், அவள் தலையில் விழுந்தது.

அவள் தெலுங்குக்காரி. புருஷன் இல்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நூல்நிலையம் என்று மூன்று இடத்தில் பெருக்கித் துடைத்து, ஒரு பெண்ணை வளர்த்துக்கொண்டிருந்தாள். பல்லை எடுத்துக்கொண்டு விபூதியை வைத்துவிட்டாள் என்றார் தலைவர். அவளுக்கு எதற்கய்யா அடுத்தவன் பல் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் புத்தகத்தில் கை வைத்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மூன்று இடத்திலும் வேலை கிடையாது என்று கமிட்டி முடிவு செய்தது.

திங்கட்கிழமை பெருக்கி முடித்ததும் அவள் என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, இதுல என்னா எழுதியிருக்குது? படிச்சுச் சொல்லுங்க."

"அது எதுக்கு உனக்கு? கைய வச்சமா, எடுக்கலன்னு சொன்னமா, போனமான்னு இரு. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"எல்லாரும் பண்ணட்டும் சாமி. என்னா எழுதியிருக்குதுன்னு தெரியாத காயிதத்துல கை வச்சுத்தான் எங்க நெலம் போச்சு. இனிமே கேக்காம கை வெக்கக் கூடாதுன்னு எங்க ஆளு சாகறப்ப சொல்லிட்டுப் போச்சு."

நான் முகவுரையை எடுத்துவிட்டேன். உலகத்து ஆறுகள் எல்லாம் கடலைத் தேடுகின்றன, காட்டு மரங்கள் எல்லாம் வெளிச்சத்தைத் தேடுகின்றன என்று அரைமணி நேரம் பொழிந்தேன். கவனமாகக் கேட்டாள். செவ்வாய்க்கிழமை மறுபடி வந்து நின்றாள். மறுபடி ஆறுகள் கடலைத் தேடின.

"இது நேத்துச் சொன்னதுதானே. உள்ள?"

"உள்ளயும் இதேதான். கொஞ்சம் விரிவா."

அவள் புத்தகத்தை ஒரு பார்வை பார்த்தாள். "தெனமும் நான்தானே தொடைக்கிறேன். முன்னால கொஞ்சம் தவிர மேல மடிப்பு ஒண்ணுகூட பிரியல, முட்டக்கோசு மாதிரி மூடிக்கெடக்குது. நீங்க எப்படி சாமி உள்ள படிச்சீங்க?"

எனக்கு வந்ததே கோபம்! மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம் அது. "படிக்கத் தெரியாத நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா? போய் வேலையப் பாரு!" என்று கத்தினேன். கத்தி முடித்ததும்தான் ஒன்று உறைத்தது. நான் தலைவர் முன்னால் சத்தியம் பண்ணினபோதும் இவள் மூலையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா உங்க வேல போயிடும்ல" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

என் வேலைக்காக வாயைக் கட்டிக்கொண்டவளின் வேலை போகப்போகிறது. நான் மடிப்பைப் பிரித்தால் என் பொய் வெளியே வரும், பிரிக்காவிட்டால் அவள் திருடி. புதன், வியாழன் இரண்டு நாளும் கத்தி தேடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பத்திரிகை படித்தேன். இதைவிடக் கேவலமாக நான் எப்போதும் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாடி கொள்ளாத கூட்டம். படியிலும் ஆள். தலைவர் துண்டும் வாயுமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். மாட்டு வியாபாரி பாய் முதல் சத்தியக்காரர் என்ற உரிமையில் முன்வரிசையில் இருந்தார். அவளைக் கூப்பிட்டார்கள்.

"படிச்சுக் காட்டினாத்தான் கை வெப்பேன்" என்றாள்.

"இவரு படிச்சவருதானே, இவர சொல்லச் சொல்லு" என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

"நான் படிக்கலீங்க" என்றேன். "பதினாறு பக்கம்தான் படிச்சேன். மிச்சம் இன்னும் பிரிக்கவே இல்ல."

தலைவர் துண்டை எடுத்துவிட்டார். "அப்ப அன்னிக்கு நீ பண்ணினது பொய்ச் சத்தியமா?"

"ஆமாங்க."

ஒரே கூச்சல். கூட்டத்தில் ஒருவர் எட்டி என் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொன்னார். பார்த்தார். "இவனுக்குப் பல்லெல்லாம் அப்படியே இருக்குதே!" என்று அறிவித்தார். இரண்டு மூன்று பேர் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பொய்ச் சத்தியத்துக்கு இந்தப் புத்தகம் பல்லைப் பிடுங்குமா பிடுங்காதா என்று அங்கேயே விவாதம் ஆரம்பமாகிவிட்டது. பாய்தான் சத்தம் போட்டு அடக்கினார்.

"அட நிறுத்துங்கப்பா! உள்ள என்னா இருக்குதுன்னு யாருக்குமே தெரியாதா? இத்தன நாளா எதும்மேல கை வச்சிருக்கோம்? பிரிச்சுப் படி தம்பி."

டீக்கடையிலிருந்து ரொட்டி வெட்டுகிற கத்தி வந்தது. முதல் மடிப்பை அறுத்தேன். விபூதி கொட்டியது. இரண்டாவதில் சர்க்கரை கொட்டியது, எறும்பும் வந்தது. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு பொட்டலம் விழும், அது யாருடையது என்று ஒரு தகராறு நடக்கும், அப்புறம்தான் படிக்க விடுவார்கள். ஆனால் படிக்க ஆரம்பித்த பிறகு, என்ன அதிசயமோ, கேட்டார்கள்.

தண்ணீர் கிடைக்காத பாலைவனத்தில் தொழுகைக்கு முன்னால் மண்ணைத் தொட்டு முகத்தையும் கையையும் தடவிக்கொள்வார்கள் என்று ஒரு பக்கம். பாய் நிமிர்ந்து உட்கார்ந்து, "உண்டு, உண்டு, அது உண்டு" என்றார். பழசாகிப்போன வேதப் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல், செத்த மனிதரைப் போல மண்ணில் புதைக்கிற ஜனங்கள் பற்றி ஒரு பக்கம். புத்தகத்தையா என்று வாயில் கை வைத்தார்கள். பேசும்போது சின்னப் பூச்சிகூடச் செத்துவிடக் கூடாது என்று வாயைத் துணியால் மூடிக்கொள்ளும் துறவிகளைப் பற்றிப் படித்தபோது எல்லாரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

சீமையில் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்களாம். கூடி உட்கார்ந்து சும்மா இருப்பதுதான் அவர்களுடைய பிரார்த்தனை. அவர்கள் எங்கேயும் சத்தியம் பண்ண மாட்டார்களாம், கோர்ட்டில் கேட்டாலும் மாட்டார்களாம். சத்தியம் பண்ணினால்தான் உண்மை சொல்வேன் என்றால், மற்ற நேரம் எல்லாம் நான் பொய் சொல்கிறேன் என்று ஆகிவிடாதா என்பது அவர்கள் கேள்வி. அதற்காக ஜெயிலுக்கும் போயிருக்கிறார்களாம்.

"இன்னொரு தடவ படிங்க" என்றாள் அவள்.

படித்தேன். தலையை ஆட்டிக்கொண்டாள். "தேவுடா! சரியாத்தானே கேட்டிருக்காங்க. அப்ப நானும் பண்ணல."

"பாத்தீங்களா, பாத்தீங்களா! இவதான் எடுத்தா!" என்று தலைவர் எழுந்துவிட்டார்.

"அதுக்குள்ள ஏன் குதிக்கிறீங்க, அது ஒரு கூட்டத்து வழக்கம். அடுத்த கூட்டம் என்னா சொல்லுதுன்னு பாக்கலாம். வெட்டு தம்பி" என்றார் பாய்.

வெட்டினேன். ஒரு பொட்டலம் விழுந்தது. மற்றவையெல்லாம் பொத்தென்று விழுந்தன. இது கடக்கென்று விழுந்தது. காகிதம் விலகியது, நாலு பல்லும் தங்கக் கம்பியுமாக மேஜைமேல் இளித்துக்கொண்டு கிடந்தது.

ஒரு பல்லைக் கோயில் கட்டிக் கும்பிடுகிற ஊர் இலங்கையில் இருக்கிறது, அதைப் பற்றின பக்கத்தில்தான் தலைவர் பல் கிடைத்தது என்று பிற்பாடு ஊரில் கதை கட்டிவிட்டார்கள். சுத்தப் பொய். நான்தான் வெட்டினவன். சூரியனைக் கும்பிடுகிறவர்களைப் பற்றின பக்கம் அது.

தலைவர் பல்லை எடுத்தார், வேட்டியில் துடைத்தார், மாட்டிக்கொண்டார். குரல் பழையபடி கணீரென்று வந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல, எங்கயும் போயிருக்காதுன்னு! சரி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கலைஞ்சு போங்க."

ஜனங்களும் எழுந்துவிட்டார்கள். நானும் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தேன். அவள் மட்டும் நகரவில்லை.

"எஜமானே, நான் எடுக்கலன்னு நீங்க கை வச்சுச் சொல்லுங்க."

"அதான் பல்லு கெடச்சிடுச்சே! இன்னும் என்னா?"

"உங்க பல்லு உங்களுக்குக் கெடச்சுது. எம்பேரு எனக்கு இன்னும் கெடைக்கல. நாளைக்கு ஒருத்தன், அவதான் திரும்பக் கொண்டுவந்து வச்சிட்டான்னு சொல்லுவான். எனக்குச் சத்தியம் வேணாம். ஊருக்கு வேணும்ல."

யாரும் படியிறங்கவில்லை. பாய் புத்தகத்தைத் தலைவர் பக்கமாக மெல்லத் தள்ளிவைத்தார். தலைவர் சுற்றிலும் பார்த்தார். வேறு வழி இல்லை. செருப்பைக் கழற்றினார். பழக்கம் பாருங்கள், சுவர்ப்பக்கம் திரும்பி விரலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"பல்லு இருக்கட்டும் எஜமானே" என்றாள் அவள். "பல்லோடயே சொல்லுங்க."

விரல் அப்படியே நின்றது. அப்புறம் கை இறங்கி, விபூதியும் சர்க்கரையும் எறும்புமாகக் கிடந்த புத்தகத்தின் மேல் வந்தது. "இவ எடுக்கல" என்றார். ஓர் எழுத்துகூடக் காற்றாகப் போகவில்லை, படியில் கடைசியாக நின்றவன்வரை கேட்டது. பக்கத்து நிலக்காரர் பின்னாலிருந்து, "அந்தக் கல்லு விஷயத்தையும் ஒரு தடவ பல்லோட சொல்லிட்டீங்கன்னா..." என்று ஆரம்பித்தார். தலைவர் அதற்குள் இறங்கிப் போய்விட்டார். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

என் பொய்ச் சத்தியத்தைப் பற்றிக் கமிட்டி அப்புறம் பேசவே இல்லை. பேசினால் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றியும் பேச வேண்டிவரும். சத்தியத்துக்கு வருவதும் நின்றுபோயிற்று. மடிப்பைப் பிரித்ததும் மகிமை போய்விட்டது என்று என்மேல் ஊருக்குக் கொஞ்ச நாள் மனத்தாங்கல்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல வந்தாள். விபூதியையும் முடியையும் மஞ்சள் கயிற்றையும் பெருக்கித் தனியாக ஒரு தாளில் கட்டி வைத்தாள். மேஜையைத் துடைத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தேன். கேட்பதற்குப் பதில் நேற்றைய பத்திரிகையை எடுத்து மடித்து வைத்தேன்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, கதவோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"நேத்து எங்க சாமி விட்டீங்க?"

"சூரியனக் கும்பிடறவங்க."

"ம். படிங்க."

கத்தியை எடுத்து அடுத்த மடிப்பைப் பிரித்தேன்.